வேட்டை திறந்ததும் காட்டு வான்கோழி ஏன் வாயடைத்துப் போகிறது?

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்களிடம் ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரே புலம்பலைக் கேட்கலாம். மார்ச் முழுக்க விடியற்காலையில் காடே அதிரும்படி சேவல்கள் கத்தின. மேட்டில் ஏறி நின்றால் நாலு திசையிலிருந்தும் சத்தம் வந்தது. அரசு அனுமதிக்கும் வேட்டைப் பருவம் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இப்போது ஒன்றையும் காணோம். கயோட்டி என்கிற சிறு ஓநாய் தின்றுவிட்டது, பக்கத்து நிலத்துக்காரர் எல்லாவற்றையும் சுட்டுவிட்டார், நோய் வந்து செத்துவிட்டன என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலான இடங்களில் பறவைகள் அங்கேயேதான் இருக்கின்றன. காலையில் மரத்திலிருந்து இறங்குகின்றன, மேய்கின்றன, பெட்டைக்கு முன்னால் வாலை விரித்து நிற்கின்றன. கத்துவதை மட்டும் நிறுத்திவிட்டன.

இதற்குக் காரணம் ஒன்றல்ல, பல. ஆனால் அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடக் கனமானது, வேட்டைக்காரர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவதும் அதைத்தான். அதற்கு வருவதற்கு முன் அந்தச் சத்தம் எதற்காக என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர்ப் பண்ணைகளில் வளரும் வான்கோழிக்கு மூதாதை இந்தக் காட்டுப் பறவைதான். மெக்சிகோவில் மனிதர்கள் பழக்கியெடுத்த கிளையினத்தின் வழியில் வந்தது நம்முடையது. அமெரிக்கக் காடுகளில் அதன் உறவுக் கிளையினங்கள் ஐந்து உண்டு. அவற்றில் கிழக்கு மாநிலங்களின் காடுகளில் வாழும் கிளையினத்தைப் பற்றித்தான் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. குளிர்காலம் முழுக்கச் சேவல்கள் தனிக் கூட்டம், பெட்டைகள் தனிக் கூட்டம். பகல் நீளத் தொடங்கியதும் சேவலின் உடலில் ஆண் ஹார்மோன் ஏறுகிறது. தலை சிவந்தும் நீலம் பாரித்தும் வெளுத்தும் நிறம் மாறுகிறது, கூட்டம் உடைகிறது, கத்தல் தொடங்குகிறது. காற்றில்லாத காலையில் அது ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும்.

அதில் பெரும்பகுதி மரத்தின் மேலிருந்து வருவது. இரவில் வான்கோழி தரையில் தங்காது, உயர்ந்த கிளையில் அடையும். சூரியன் எழுவதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து, இறங்கும் வரை கத்திக்கொண்டிருக்கும். 'நான் இங்கே இருக்கிறேன், இங்கே வா' என்று பெட்டைகளுக்குச் சொல்லும் சேதி அது. பக்கத்திலுள்ள மற்றச் சேவல்களுக்கு அதுவே எச்சரிக்கை.

ஆனால் அந்தச் சேதியைப் பெட்டை மட்டும் கேட்பதில்லை. பாப்கேட் என்கிற காட்டுப்பூனையும் கயோட்டியும் கேட்கும். பெருங்கொம்பு ஆந்தை கிளையில் அடைந்திருக்கும் வான்கோழியையே தூக்கக்கூடியது. ஆகவே ஒவ்வொரு கத்தலும் சேவலுக்குச் செலவுதான். பலன் தெரியும்வரை அந்தச் செலவைச் செய்யும். பலன் கிடைத்துவிட்டாலோ ஆபத்து கூடிவிட்டாலோ கையை மடக்கிக்கொள்ளும். மௌனத்தின் காரணங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான்.

ஒரு வகைக் கத்தல் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. இடி இடித்தாலோ, கார்க் கதவை அறைந்து சாத்தினாலோ, காகம் கரைந்தாலோ, ஆந்தை அலறினாலோ சேவல் தன்னையறியாமல் பதில் கத்திவிடும். நம் ஊர்ப் பண்ணையிலும் இதைப் பார்க்கலாம்: கூட்டத்தருகே நின்று உரக்க விசில் அடித்தால் சேவல்களெல்லாம் ஒரே மூச்சில் பதில் சொல்லும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் இருட்டோடு காட்டுக்குப் போய் ஆந்தை மாதிரிக் குரல் கொடுப்பது இதற்காகவே. சேவல் எந்த மரத்தில் இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, காரணங்களுக்கு வருவோம். முதலாவது மிக எளியது: பக்கத்திலேயே பெட்டை இருக்கிறது. மரத்திலிருந்து இறங்கிய சேவலைச் சுற்றி மூன்று நான்கு பெட்டைகள் வந்துவிட்டால் அது எதற்குக் கத்த வேண்டும்? வாலை விசிறியாக விரித்து, இறக்கை நுனியைத் தரையில் இழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு தாழ்ந்த உறுமலை எழுப்பிக்கொண்டு நடக்கும். அந்த உறுமல் கிட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். தொலைவில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குக் காடு ஊமையாகத் தெரியும். அங்கே மும்முரமாகக் காதல் நடந்துகொண்டிருக்கும்.

வேட்டைக்காரர் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் மரத்தடியில் உருமறைப்பு உடையில் உட்கார்ந்து பெட்டையின் குரலை எழுப்புவார். அதற்கு மரப்பெட்டியின் விளிம்பில் மூடியை உரசும் கருவி உண்டு. ஆர்கன்சாவின் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் காப்புரிமை வாங்கியது அந்த வகைதான். கல்பலகையில் குச்சியைத் தேய்ப்பதும், வாய்க்குள் மெல்லிய சவ்வை வைத்து ஊதுவதும் மற்ற வழிகள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கூண்டில் வளர்த்த கௌதாரியைக் கத்தவைத்துக் காட்டுக் கௌதாரியை வரவழைத்ததை (இப்போது அது சட்டப்படி குற்றம்) அறிந்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. ஆனால் வான்கோழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. இயற்கையில் சேவல் கத்தும், பெட்டைதான் நடந்து வரும். வேட்டைக்காரரோ சேவலை நடந்து வரச் சொல்கிறார். அதனால் பல சேவல்கள் பதில் கத்திக்கொண்டே பாதி தூரம் வந்து, ஒரு திட்டில் நின்று, மீதியைப் பெட்டை நடக்கட்டும் என்று காத்திருக்கும். பெட்டை வராது. சிறிது நேரத்தில் சேவல் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். 'நன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது' என்று சொல்லப்படும் கதைகளில் பல இதுதான்.

அடுத்தது பெட்டையின் நாட்காட்டி. ஒரு பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். ஏறக்குறைய நாளுக்கு ஒன்று என்பதால் இட்டு முடிக்க இரண்டு வாரம் ஆகும். இந்த நாட்களில் அது காலையில் சேவலோடு இருந்துவிட்டு, வெயில் ஏறியதும் நழுவிக் கூட்டுக்குப் போய் முட்டையிட்டுத் திரும்பும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் சேவல் தனியாகிவிடுவதால் அந்த நேரத்தில் மறுபடி கத்தும். விடியலில் ஏமாந்து வீட்டுக்குப் போய்விட்ட வேட்டைக்காரர் இதைத் தவறவிடுவார். பொறுமையாக உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும். கடைசி முட்டை இட்டதும் பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிடும், ஏறக்குறைய 28 நாள். தென்கிழக்கு மாநிலங்களில் பல பெட்டைகள் ஏப்ரல் நடுவிலிருந்து கடைசிக்குள் அடையில் இருக்கும். ஒருமுறை சேர்ந்த விந்தை உடலிலேயே வாரக்கணக்கில் சேமித்துவைக்க முடிவதால் அது சேவலைத் தேடி அடிக்கடி வரவேண்டிய அவசியமும் இல்லை.

நீண்ட காலமாக வனவிலங்குத் துறையினர் நம்பிவந்த கணக்கு இதிலிருந்து பிறந்தது. சேவல்களின் கத்தலுக்கு வசந்தத்தில் இரண்டு உச்சம் உண்டு என்றார்கள்: குளிர்காலக் கூட்டம் உடையும்போது ஒன்று, பெட்டைகளெல்லாம் அடைக்குப் போய்ச் சேவல்கள் தனித்துவிடும்போது இன்னொன்று. இடையில் வரும் அமைதி, பெட்டைகள் சேவல்களோடு இருக்கும் காலம். வேட்டையை இரண்டாம் உச்சத்தையொட்டி வைத்தால் வேட்டைக்காரருக்கும் நல்லது, இனப்பெருக்கமும் கெடாது என்பது எண்ணம். இது தர்க்கமாக ஒட்டி வருகிறது. ஆனால் இந்தக் கணக்குக்கு ஆதாரமாக இருந்தது சாலையோரம் சில நிமிடங்கள் வண்டியை நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்ட மனிதர்களின் பதிவுகள்.

பெரிய மாற்றம் அங்கேதான் வந்தது. மரங்களில் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டி, பருவம் முழுக்க ஒவ்வொரு காலையும் பதிவு செய்து, கணினியில் வான்கோழிக் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் முறை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பரவியது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லினும் அவரோடு இருப்பவர்களும் இதில் நிறையச் செய்திருக்கிறார்கள். தென் கரோலினாவில் அவர்கள் பார்த்த இரண்டு இடங்களின் ஒப்பீடு முக்கியமானது. ஒன்று பொது வேட்டை நடக்கும் வனவிலங்கு நிலம். இன்னொன்று சவானா ரிவர் சைட்: அணு ஆயுதப் பொருட்கள் தயாரிக்க 1950-களின் தொடக்கத்தில் அரசு எடுத்துக்கொண்ட, வெளியார் எளிதில் நுழைய முடியாத பரந்த காடு. தட்பவெப்பம் ஒன்று, பறவை ஒன்று, பெட்டைகள் அடைக்கு உட்காரும் காலமும் ஏறக்குறைய ஒன்று. மௌனத்துக்குப் பெட்டைகளின் நாட்காட்டி மட்டுமே காரணம் என்றால் இரண்டு இடத்திலும் கத்தல் ஒரே மாதிரி ஏறி இறங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. வேட்டை இல்லாத இடத்தில் சேவல்கள் தொடர்ந்து கத்தின. வேட்டை நிலத்தில் பருவம் திறந்து சேவல்கள் சுடப்படச் சுடப்பட சத்தம் சரிந்தது. வேட்டைக்காரர் எதிர்பார்க்கும் அந்த இரண்டாம் உச்சம் அங்கே தலைகாட்டவில்லை.

இந்த ஒப்பீடுதான் என் பார்வையில் கேள்விக்கு நேரடியான பதில். ஏப்ரலில் காடு ஊமையாவதற்கு மிகப்பெரிய காரணம் ஏப்ரலில் காட்டுக்குள் போகும் நாமே. பெட்டை, மழை, ஆந்தை எல்லாம் உண்மைதான். ஆனால் அவை வேட்டை இல்லாத காட்டிலும் இருக்கின்றன.

இது இரண்டு வழியில் நடக்கிறது. ஒன்று, சத்தம் போட்டவன்தான் முதலில் சாகிறான். வசந்த வேட்டையில் அனுமதி சேவல்களுக்குத்தான் (பல மாநிலங்களில் நெஞ்சில் மயிர்க்கற்றை தொங்கும் பறவை என்று விதி). கத்துகிற சேவலைத்தான் கண்டுபிடிக்க முடியும், கூப்பிட முடியும். பருவத்தின் மொத்தச் சுடுதலில் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. அதில் இரண்டு வயதுச் சேவல்கள் நிறைய. அந்த வயதில்தான் சேவல் முழு வளர்ச்சியோடு முதன்முதலாகக் காதலுக்கு இறங்குகிறது. ஆர்வம் அதிகம், அனுபவம் குறைவு, கூப்பிட்டால் ஓடி வரும். அவை போனபின் மீந்திருப்பவை, ஏற்கெனவே ஓரிரண்டு வேட்டைக்காலத்தைத் தாண்டிய முதிய சேவல்களும், இன்னும் சரியாகக் கத்தக்கூட வராத ஒரு வயது விடலைகளும்.

இரண்டாவது, உயிரோடிருக்கும் சேவல்களே நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. வான்கோழிக்கு மோப்ப சக்தி பெரிதாக இல்லை, ஆனால் கண்ணும் காதும் அபாரம். விடிவதற்கு முன் வண்டிச் சத்தம், டார்ச் வெளிச்சம், மரத்தடியில் ஏதோ அசைவு, அப்புறம் துப்பாக்கிச் சத்தம், கூடவே மேய்ந்தவன் துடித்து விழுவது: இவை நாலு நாள் தொடர்ந்தால் ஆபத்து கூடிவிட்டது என்று பறவைக்குத் தெரிந்துவிடும். மேலே சொன்ன வரவு செலவில் செலவுப் பக்கம் ஏறுகிறது. அது கத்துவதைக் குறைத்துக்கொண்டு, விரிப்பதையும் உறுமுவதையும் வைத்தே காரியத்தைப் பார்த்துக்கொள்ளும். இனப்பெருக்கம் நிற்பதில்லை, அதன் ஒலி மட்டும் அடங்குகிறது.

சேவல்களுக்குள் இருக்கும் பெரியவன் சின்னவன் ஒழுங்கும் இதில் கலக்கிறது. பெரிய சேவல் அருகில் இருக்கும்போது அடங்கியவை கத்தவே தயங்கும். கத்தினால் அடி விழும். அந்த ஒழுங்கு சில நேரம் வியப்பூட்டும் வடிவம் எடுக்கும். ஆலன் கிராகவர் கலிஃபோர்னியாவின் ஹேஸ்டிங்ஸ் இயற்கைக் காப்பகத்தில் ஆய்ந்து 2005-இல் நேச்சர் இதழில் வெளியிட்டது இது: சில சேவல்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து பெட்டைக்கு முன் ஒன்றாக ஆடுகின்றன, ஆனால் பெட்டையோடு இணைசேர்வது தலைவன் மட்டும். மரபணுவைப் பார்த்தபோது அவை நெருங்கிய உறவினர், பெரும்பாலும் சகோதரர்கள். தனித்து ஆடும் சேவலுக்குச் சராசரியாக ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. கூட்டணித் தலைவனுக்கு அதைவிட ஆறு குஞ்சு கூடுதல். துணைக்கு ஆடிய தம்பிக்குத் தன் குஞ்சு கிடையாது, அண்ணன் மூலம் குடும்ப ரத்தம் தொடர்கிறது. அப்படிப்பட்ட ஒரு தலைவன் திடீரென்று சுடப்பட்டால் மீந்தவர்களுக்குள் இடத்துக்கான சண்டை மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது.

வானிலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தெளிந்த, குளிர்ந்த, காற்றில்லாத காலையில் நிறையக் கத்தும். மழையிலும் பலத்த காற்றிலும் குறையும். காற்று அடிக்கும்போது சேவலுக்கு ஆபத்தைக் கேட்கவும் முடியாது, அதன் குரல் தூரம் போகவும் போகாது. வேட்டைக்காரர்கள் அதிகம் கவனிக்காத இன்னொரு சங்கதி இலை. மார்ச்சில் ஓக் காடு மொட்டையாக இருக்கும், சத்தம் தடையின்றிப் பாயும். ஏப்ரல் கடைசிக்குள் இலை மூடிவிடும், அதே கத்தல் பாதி தூரத்தில் அமுங்கிவிடும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கத்தும் சேவல், முந்நூறு மீட்டரில் இருந்தாலும் எங்கோ தொலைவில் இருப்பது போலத் தோன்றும். ஆகவே ஏப்ரல் மௌனத்தில் ஒரு பகுதி பறவையின் தொண்டையில் இல்லை, கேட்பவர் காதில் இருக்கிறது.

பல ஆண்டாக ஒரு கருத்து உலவுகிறது: நிறையக் கத்தும் சேவல்களையே தலைமுறை தலைமுறையாகச் சுட்டதால், கத்தாத சேவல்களின் வாரிசுகள் பெருகி, வான்கோழி இனமே ஊமையாகிவருகிறது என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது; தேர்ந்து கொல்வது எந்த விலங்கிலும் நீண்ட காலத்தில் தடம் பதிக்கக்கூடியது. ஆனால் நம் கேள்விக்கு அது பதிலாகாது. வேட்டை திறப்பதற்கு முந்தைய வாரம் கத்திய காடு திறந்த பத்தாம் நாள் அடங்குகிறது. பத்து நாளில் மரபணு மாறாது, பயம் மாறும். நடத்தையால் விளக்க முடிகிற ஒன்றுக்கு ரத்தத்தைக் குறைசொல்வது நமக்குத்தான் வசதி. ஏனென்றால் ரத்தம் என்றால் நாம் செய்ய ஒன்றுமில்லை; நடத்தைக்கு நாம் இன்றே ஏதாவது செய்ய முடியும், குறைந்தது ஒரே இடத்துக்குத் தினமும் போய் மிதிக்காமலாவது இருக்க முடியும்.

இதெல்லாம் வெறும் வேட்டை ருசி பற்றிய பேச்சாக இல்லாமல் போனதற்கு ஒரு பின்னணி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழிப்பாலும் கட்டுப்பாடற்ற வேட்டையாலும் இந்தப் பறவை பல மாநிலங்களில் முற்றாக அழிந்து, நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், அவை பிழைக்கவில்லை. 1951-இல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மேரியன் தேசிய வனத்தில், பீரங்கிபோல் வெடித்துப் பாயும் வலையைக் கொண்டு காட்டுப் பறவைகளையே பிடித்து வேறு காடுகளில் விடும் முறை வெற்றிபெற்றது. 1973-இல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கியபோது 15 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த பறவைகள், 2000-களின் தொடக்கத்தில் 70 லட்சத்தை நெருங்கின. அதற்கு வேட்டைக்காரர்களின் பணமும் உழைப்பும் பெரிய காரணம், இதை மறைக்கக் கூடாது. அப்புறம் தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் எண்ணிக்கை மறுபடி சரியத் தொடங்கியது.

அந்தச் சரிவோடுதான் மௌனத்தின் கேள்வி சேர்ந்துகொண்டது. பெட்டைகள் முட்டையிடத் தொடங்குவதற்கு முன்பே தலைவன் சேவல்களைச் சுட்டால் சேர்க்கை குலைகிறதா? சேம்பர்லின் போன்றவர்கள் அந்த அச்சத்தை முன்வைத்தார்கள். மாநிலங்கள் விதிகளை மாற்றின. 2022-இல் ஜார்ஜியா தொடக்கத்தை ஏப்ரலுக்குத் தள்ளி, ஒருவர் சுடக்கூடிய சேவல்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அதே ஆண்டு அலபாமா தொடக்கத்தை மார்ச் 25-க்குத் தள்ளி, வரம்பை ஐந்திலிருந்து நான்காக்கி, முதல் பத்து நாள் பொம்மைப் பறவையை வைத்து ஏமாற்றுவதைத் தடைசெய்தது. டென்னசி 2023-இல் இரண்டு வாரம் தள்ளியது. ஆனால் டென்னசியிலேயே சில மாவட்டங்களில் முன்கூட்டித் தள்ளிவைத்து நடந்த ஆய்வில், இரண்டு வாரத் தாமதத்தால் பெட்டைகள் கூடு கட்டுவதிலோ குஞ்சு தேறுவதிலோ சொல்லத்தக்க மாற்றம் தெரியவில்லை. அதனால் தாமதத்தை மருந்தாக நினைப்பவர்கள் நிதானிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கூடு கலைவதும், குஞ்சுகளைக் கொன்றுண்ணிகள் எடுத்துப்போவதும், பூச்சிகள் நிறைந்த புல்வெளி குறைவதும் வேட்டைத் தேதியை மாற்றுவதால் சரியாகிவிடாது.

கத்தலை வைத்துப் பறவையை எண்ணாதீர்கள் என்று வனத்துறை ஆய்வாளர்கள் சொல்வதும் இதனால்தான். அவர்கள் நம்பும் எண்ணிக்கை ஜூலையிலும் ஆகஸ்டிலும் எடுப்பது. சாலையோரத்திலும் வயல் ஓரத்திலும் பார்க்கும் பெட்டைகளையும் குஞ்சுகளையும் பொதுமக்களும் பதிவுசெய்கிறார்கள், அதிலிருந்து ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சு என்று கணக்கிடுகிறார்கள். சராசரி இரண்டு இருந்தால் கூட்டம் ஓரளவு நிலைக்கும் என்பது பொதுவான அளவுகோல். தென்கிழக்கின் பல மாநிலங்களில் பல ஆண்டுகள் அதற்குக் கீழேயே வந்திருக்கிறது. அப்படி ஒரு மோசமான கோடையில் பிறக்காமல் போன குஞ்சுகள்தான் இரண்டு ஆண்டு கழித்து மார்ச் விடியலில் கத்தியிருக்க வேண்டிய இரண்டு வயதுச் சேவல்கள். ஆகவே ஏப்ரல் நடுவில் காடு அடங்கினால் பதற வேண்டியதில்லை. வேட்டை திறப்பதற்கு முன்பே, மார்ச்சிலேயே, தெளிந்த காற்றில்லாத காலைகளில் தொடர்ந்து ஒன்றும் கேட்காவிட்டால், இரண்டு ஆண்டுக்கு முந்தைய கோடையின் குஞ்சுக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும்.